பென் ஹாய் ஆறு எல்லை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வியட்நாம் கட்டுரையில் ஒரு வரி: '1954இல் ஜெனீவாவில் வியட்நாம் வடக்கு, தெற்கு என இரு நாடுகளாகப் பிரிக்கப்பட்டது, வடக்கு படையெடுத்ததால் அமெரிக்கா தலையிட நேர்ந்தது.' பக்கத்திலேயே வரைபடம். மேலே சிவப்பு, கீழே மஞ்சள், நடுவில் தடித்த கோடு. ஜெனீவா ஆவணங்களைத் தாங்கள் படிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். வாசகர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இது அச்சேறியிருக்க வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போரை நிறுத்த ஜெனீவாவில் கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம். ஒரு பக்கம் பிரெஞ்சுப் படைத்தலைமை, மறுபக்கம் ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட்மின்னின் படைத்தலைமை. அதன் முதல் பிரிவே 'தற்காலிக இராணுவக் கோடு' என்றுதான் தொடங்குகிறது. 17ஆவது அட்சரேகையை ஒட்டி, பென் ஹாய் ஆற்றோடு போகும் கோடு அது. வியட்மின் படை வடக்கே போக வேண்டும், பிரெஞ்சுப் படை தெற்கே போக வேண்டும், அதற்கு 300 நாள் அவகாசம். கோட்டின் இருபுறமும் அதிகபட்சம் 5 கிலோமீட்டருக்குப் படை நிற்கக் கூடாது. இந்தக் கோட்டை அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ எவ்வகையிலும் கொள்ளக் கூடாது என்று இறுதிப் பிரகடனத்தின் 6ஆம் பத்தி சொல்கிறது. 7ஆம் பத்தி, 1956 ஜூலையில் பொதுத்தேர்தல் என்கிறது. இரண்டு நாடாகப் பிரித்தவர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தேர்தலை எதற்கு வைக்கச் சொல்வார்கள்?

அந்த 17 என்ற எண் வந்த கதையையாவது சொல்லியிருக்கலாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வியட்மின் தரப்பின் ஃபாம் வான் டோங் 13ஆவது அட்சரேகையில் தொடங்கி 14, 16 என்று விட்டுக்கொடுத்தார். பிரான்ஸ் 18ஐ விட்டு அசையவில்லை. சோவியத் அமைச்சர் மொலடோவ் 17 என்று முடித்துவைத்தார். சீனப் பிரதமர் சூ என்லாயும் விட்டுக்கொடுக்கும்படிதான் வியட்மின்னை நெருக்கினார். மே 7 அன்று தியன் பியன் பூ போர்க்களத்தில் பிரெஞ்சுப் படையை ஜெயித்தவர்களை மேசையில் இறங்கிவர வைத்தவர்கள் அவர்களுடைய நண்பர்கள். அந்நியத் தலையீடு என்று தலைப்பு வைத்த கட்டுரையில் இது இல்லை.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதும் இல்லை. தெற்கின் பிரதமர் ஙோ தின் ஸியெம் 1955 ஜூலை 16 அன்று வானொலியில், நாங்கள் கையெழுத்திடவில்லை, எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கைவிரித்தார். கையெழுத்திடவில்லை என்பது உண்மைதான். தங்கள் கட்டுரையாளர் அந்த வாதத்தையாவது எடுத்துப் பேசியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். அதே ஆண்டு அக்டோபரில், நாட்டின் தலைவர் பாவோ தாயா தானா என்று ஸியெம் நடத்திய வாக்கெடுப்பில் சைகோனில் பதிவான வாக்காளர் சுமார் 4,50,000. அவருக்கு விழுந்த வாக்கு 6,05,025. நம்மூர் கள்ள ஓட்டுக்காரர்கள்கூட இவ்வளவு தாராளமாகப் போட மாட்டார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை இந்தியா. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். அறிக்கை எழுதி அனுப்ப முடிந்தது, தேர்தல் நடத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

வடக்கு யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நிலச்சீர்திருத்தம் என்ற பெயரில் ஏராளமானோரைக் கொன்றுவிட்டு, 1956இல் அங்கே ஆண்ட கம்யூனிஸ்டுக் கட்சியே தவறை ஒப்புக்கொண்டது. பொதுச்செயலாளர் துருவோங் சின் பதவி போனது. அதையும் விட்டுவிட்டீர்கள்.

அமெரிக்கா 'தலையிட நேர்ந்தது' என்கிறீர்கள். 1950 ஜனவரியில் சீனாவும் சோவியத்தும் ஹோ சி மின் அரசை ஏற்றன. பிப்ரவரியில் அமெரிக்கா, பிரான்ஸ் ஆதரித்த முன்னாள் மன்னர் பாவோ தாயின் அரசை ஏற்றது. 1954 வாக்கில் பிரான்ஸின் போர்ச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கப் பணம். 1965 மார்ச்சில் தா நாங் கரையில் படை இறங்கியது பத்தாவது அத்தியாயம் என்றால், தாங்கள் அதை முதல் அத்தியாயமாக அச்சடித்திருக்கிறீர்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் பிரிட்டனின் தளபதி கிரேசி, 20ஆவது இந்தியப் படைப்பிரிவோடு சைகோனுக்கு வந்து, ஜப்பானியர் சிறைவைத்திருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் துப்பாக்கியைக் கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று நகரம் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. சரணடைந்த ஜப்பானியரையும் காவலுக்கு நிறுத்தினார்கள். இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு நடந்த காரியம் ஓர் இந்தியப் பத்திரிகைக்குத் தெரியாமல் போனது எப்படி?

வடக்கு தெற்குப் பிரிவினை பழைய கதைதான் என்று காட்டும் 'பழைய பிளவு' பெட்டிச் செய்தி இன்னும் மோசம். 17ஆம் நூற்றாண்டில் அடித்துக்கொண்ட திரின், ஙுயென் குடும்பங்கள் இரண்டுமே ஒரே லெ மன்னரின் பெயரால்தான் ஆண்டன. பங்காளிச் சண்டை அது. 'நிகுயென்', 'நிகோ' என்று ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பதையும் எத்தனை முறைதான் எழுதுவது? தமிழில் ஙகரம் வேலையில்லாமல் கிடக்கிறது. ஙோ தின் ஸியெம் என்று எழுதி அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம். போன வருடம் கேள்வி பதில் பகுதியில் கொரியாவின் 38ஆவது அட்சரேகையை வியட்நாமுக்குக் கொடுத்தீர்கள். திருத்தம் ராசிபலனுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் வந்தது.

கட்டுரையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. அடுத்த இதழில் வரைபடத்தை மட்டும் அதே அளவில் மறுபடி போடுங்கள்: முழுவதும் ஒரே நிறம், பென் ஹாய் ஆற்றோடு லாவோஸ் எல்லைவரை புள்ளிக்கோடு, அதன் மேல் 'தற்காலிக இராணுவக் கோடு, 1954'. ஓவியருக்கு அரைமணி நேர வேலை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
தஞ்சாவூர்