லெய்டே வளைகுடாவின் வாசலில் திரும்பியவருக்கு

மதிப்பிற்குரிய அட்மிரல் டகேயோ குரிடா அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில், அமெரிக்கப் படைகள் தரையிறங்கியிருந்த பிலிப்பைன்ஸின் லெய்டே வளைகுடாவைத் தாக்க ஜப்பானியக் கடற்படையை நடத்திவந்த நீங்கள், 1944 அக்டோபர் 25 காலையில், சமார் தீவுக்கு அப்பால், வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது ஏன் பின்வாங்கினீர்கள் என்று எண்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பலர் அந்தக் காலையிலிருந்தே கதையைத் தொடங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

23ஆம் தேதி விடியலில், பலவான் தீவை ஒட்டிய கடல்வழியில், அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று உங்கள் தலைமைக் கப்பலான அட்டாகோவை மூழ்கடித்தது. நீங்கள் நீந்தித்தான் உயிர் பிழைத்தீர்கள். மறுநாள் சிபுயன் கடலில் அலையலையாக வந்த அமெரிக்க விமானங்களுக்கு முசாஷி என்ற பெரும் போர்க்கப்பலைப் பறிகொடுத்தீர்கள். அன்றிரவு, தெற்கிலிருந்து வளைகுடாவுக்குள் நுழைய வேண்டிய, உங்கள் சக தளபதி நிஷிமுராவின் படை சுரிகாவோ நீரிணையில் அழிந்தது. அதை மறித்து நின்ற ஆறு அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஐந்து, பேர்ல் துறைமுகத் தாக்குதலில் அடிபட்டு மீண்டு வந்தவை. வடக்கே உங்கள் இன்னொரு சக தளபதி ஒசாவா தம் விமானந்தாங்கிகளையே தூண்டிலாக்கி அமெரிக்க அட்மிரல் ஹால்சியின் படையை இழுத்துச் சென்றுவிட்டதால், நீங்கள் கடந்துவந்த சான் பெர்னார்டினோ நீரிணை காவலின்றிக் கிடந்தது. அந்தத் தூண்டில் பலித்த செய்தி மட்டும் உங்களுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே சமாரில் தென்பட்ட ஆறு சிறிய விமானந்தாங்கிகளை ஹால்சியின் பெருங்கப்பல்கள் என்று நீங்கள் நம்பியதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கையை வலுப்படுத்தியது எதிரிகளின் துணிவுதான். சுமார் 2,000 டன் எடையுள்ள ஜான்ஸ்டன் என்ற நாசகாரியின் (வேகமான சிறு போர்க்கப்பலின்) தளபதி எர்னஸ்ட் எவன்ஸ், கட்டளைக்குக் காத்திராமல், 46 செ.மீ. பீரங்கிகள் கொண்ட பெரும் போர்க்கப்பல் யமாட்டோவும் இருந்த உங்கள் படையை நோக்கித் தன் கப்பலைத் திருப்பினார். பிற நாசகாரிகளும் பின்தொடர்ந்தன. அவை ஏவிய டார்பிடோக்கள் இருபுறமும் பாய்ந்துவர, நீங்கள் நின்றிருந்த யமாட்டோ சுமார் பத்து நிமிடங்கள் வடக்கு நோக்கி விலகி ஓட நேர்ந்தது. போர்க்களமே உங்கள் கண்ணிலிருந்து மறைந்துபோனது.

உங்களைக் கோழை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. மூன்று நாள் களைப்போடு, விமானப் பாதுகாப்பின்றி, கண்முன் இருப்பது எது என்றே தெரியாத ஒருவர் எடுத்த முடிவு அது. அதேசமயம், அந்தத் தெரியாமையை உண்டாக்கியவர்களுக்கு அதில் உரிய பங்கைத் தராமல் உங்கள் பிழையை மட்டும் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஜான்ஸ்டன், ஹோயல், சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஆகிய மூன்றும் மூழ்கின. எவன்ஸ் உயிரோடு மீளவில்லை. மீட்புக் கப்பல்கள் வர மிகவும் தாமதமாகியது. நீங்கள் வடக்கே சென்ற பின்னும், பிழைத்த மாலுமிகள், இரண்டு நாள் முன்பு நீங்கள் நீந்தியதைப் போலவே எண்ணெய் படர்ந்த நீரில், இரண்டு இரவுகள் மிதந்துகொண்டிருந்தார்கள்.

மரியாதையுடன்,
ஒரு வாசகன்