ஜூன் மாதம் முழுவதும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை. வீட்டுச் செய்திகள் வேறு சிலவும் இருக்கின்றன. அவற்றைப் பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக அல்ல.

கடந்த ஜூன் மாதத்துக்காக நீ எவ்வளவு காலம் காத்திருந்தாய் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தென் கொரியாவின் பி.டி.எஸ். பாடகர் குழுவில் உன் ஏழு பேரில் ஒருவரான ஜின் 2022 டிசம்பர் 13 அன்று ராணுவப் பயிற்சி முகாமுக்குள் போன செய்தியை நீ படித்துக் காட்டியதும், அந்த நாட்டில் உடல் தகுதியுள்ள ஆண்கள் அனைவரும் கட்டாயமாக ராணுவச் சேவை செய்தாக வேண்டும், எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் விலக்கு இல்லை என்று அம்மாவுக்கு விளக்கிச் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு ஒவ்வொருவராகப் போகப் போக, அவர்கள் திரும்பி வரும் தேதிகளை உன் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாய். ஜின் 2024 ஜூன் 12, ஜே-ஹோப் 2024 அக்டோபர் 17, ஆர்.எம்., வி இருவரும் 2025 ஜூன் 10, ஜிமின், ஜங்குக் மறுநாள், கடைசியாக சுகா ஜூன் 21. முதல் இரண்டு தேதிகளுக்கு நேரே பச்சை மையில் நீ போட்ட டிக் இருக்கிறது. மீதி ஐந்து பேருக்கும் செய்தியைப் பார்த்து நான்தான் டிக் போட்டேன். சுகா வெளியே வந்த அன்று நீ எப்படியும் அழைப்பாய் என்று இரவு வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஜூலை 1 அன்று ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து நேரலையில் பேசி, 2026 வசந்த காலத்தில் புதிய ஆல்பம் வரும், அதைத் தொடர்ந்து உலகச் சுற்றுப்பயணம் இருக்கும் என்று அறிவித்தார்களே, அன்றாவது நீ ஏதாவது எழுதுவாய் என்று நினைத்தேன். "நல்லா இருக்கேன்பா, வேலை அதிகம்" என்ற ஒரே வாக்கியம் மட்டும், அதுவும் நான் கேட்ட பிறகு, வந்தது.

வேலை அதிகமாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில்கூட ஒரு கொரிய நாடகத்தின் கடைசி இரண்டு பகுதிகளைப் பார்க்காமல் தூங்க மாட்டேன் என்று அடம் பிடித்த பெண் நீ. வேலை அதிகம் என்பதற்காக மூன்று வருடக் காத்திருப்பை ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போகக்கூடியவள் அல்ல என்பது உன்னைப் பெற்றவனுக்குத் தெரியாதா? நேரத்துக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. முதலில் இதைச் செய்.

சித்தப்பா சொன்ன வார்த்தை உன் மனதில் தங்கியிருக்கிறதோ என்று அம்மா கேட்டாள். 25 வயதில் சுவரில் படம் ஒட்டிக்கொள்கிறவள் என்று அத்தனை பேர் முன்னால் அவன் பேசியிருக்கக் கூடாது. நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு அவனிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இனி அந்தப் பேச்சு இந்த வீட்டில் எழாது. அந்தப் படங்கள் ஒட்டிய இடத்திலேயே இருக்கின்றன. நீ பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்த போட்டோகார்டுகளை யாரும் தொடவில்லை. கச்சேரியில் ரசிகர்கள் ஏந்தும் விளக்கான அந்த லைட்ஸ்டிக்கை மட்டும் நான் ஒருமுறை திறந்தேன், உள்ளே இருந்த பேட்டரிகள் கசிந்து பொருள் பாழாகிவிடக் கூடாது என்பதற்காக. மூன்றையும் எடுத்துத் தனியாக ஒரு சிறு டப்பாவில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

நீ ஒரு விஷயத்தை ஆசையோடு பின்தொடர்வதைப் பார்த்து நான் ஒருபோதும் சிறுமையாக நினைத்ததில்லை. புதுயுகம் தொலைக்காட்சியில் கொரிய நாடகங்களைத் தமிழ்க் குரலில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் நீ 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' பார்த்தாய். அப்போது அம்மா கோபித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அவளும் உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வருடக்கணக்கில் ஓடும் மெட்டி ஒலி மாதிரித் தொடர்களைப் பார்த்தவளுக்குப் பதினாறு, இருபது பகுதிகளில் ஒரு கதையைத் தொடங்கி முடித்துவிடுகிறார்கள் என்பதே பெரிய ஆச்சரியம். பிறகு தமிழ்க் குரல் போதாது, அவர்கள் சொந்தக் குரலிலேயே கேட்க வேண்டும் என்று சொல்லி, ஒரு நீல நிற நோட்டில் நீயே அந்த எழுத்துகளை எழுதிப் பழகினாய். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரியில் கொரியம், அதன் கீழே அதே ஒலி தமிழில், அதற்கும் கீழே பொருள். அந்த எழுத்தை 15ஆம் நூற்றாண்டில் செஜோங் என்ற அரசர் எளிய மக்களும் படிக்க வேண்டும் என்பதற்காக உருவாக்கச் செய்தார் என்பதை நீ எனக்குச் சொன்னபோது, இத்தனை காலம் புத்தகங்களோடு வாழ்ந்த எனக்கு அது புதிய செய்தியாக இருந்தது. யாரும் சொல்லாமல், யாரும் மதிப்பெண் போடாமல், ஒரு பாட்டின் வரிகள் புரிய வேண்டும் என்பதற்காக ஒரு மொழியையே படித்த பெண் என்று என் நண்பர்களிடம் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை, பிள்ளைகளை முகத்துக்கு நேரே புகழ்வது எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லை.

2020 ஆகஸ்ட் 21 உனக்கு நினைவிருக்கிறதா? ஊரடங்கு காலம், எல்லோரும் வீட்டுக்குள். கொரியாவில் மதியம் ஒரு மணிக்கு பி.டி.எஸ். குழுவின் புதிய பாட்டு வெளியாகிறது, நமக்குக் காலை ஒன்பதரை என்று முதல் நாளே அறிவித்துவிட்டாய். உன் செல்போனைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கத் தெரியாமல் நாம் மூவரும் திண்டாடி, கடைசி நிமிடத்தில் படம் வந்ததும் நீ கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த 'டைனமைட்' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது, நீ ஏதோ நம் வீட்டுப் பிள்ளை தேர்வில் முதலாவதாக வந்ததுபோல் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாய். அந்தப் பாட்டு ஆங்கிலத்தில் இருப்பதால்தான் முதலிடம் என்று நான் குறை சொன்னேன்; அந்த வருட நவம்பரிலேயே 'லைஃப் கோஸ் ஆன்' பெரும்பாலும் கொரிய மொழியில் இருந்தபடியே முதலிடத்தில் நுழைந்ததும் என் முன்னால் வந்து நின்று, "இப்போ என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டாய். எனக்குப் பதில் இல்லை. அந்தக் குரலை இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது. போனில் நீ பேசும் குரல் வேறாக இருக்கிறது, பாப்பா. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்.

நானும் ஒரு காலத்தில் ரசிகன்தான். இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால்தான் எனக்குக் காலை விடியும். கே. எஸ். ராஜாவின் மூச்சுவிடாத வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' என்று எல்லாவற்றையும் மத்திய அலையில், கரகரப்புக்கு நடுவே, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டவர்கள் நாங்கள். விருப்பப் பாடலுக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, கடல் கடந்து போன அந்த அட்டையிலிருந்து நம் பெயரும் நம் ஊர்ப் பெயரும் என்றைக்காவது படிக்கப்படுமா என்று காத்திருப்போம். முகம் தெரியாத அறிவிப்பாளர் ஒருவர் நம் பெயரைச் சரியாக உச்சரித்தால் அன்று முழுவதும் தரையில் கால் பாவாது. நீ அந்த ஏழு பேரின் நேரலைக்காக இரவில் விழித்திருந்தபோது நான் திட்டியது உன் தூக்கத்துக்காகத்தானே தவிர, அந்த ஆசை எனக்குப் புரியாததால் அல்ல.

பெரியப்பா விஷயம் நடந்த வருடம் மட்டும் நான் வானொலிப் பெட்டியைத் தொடவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை; எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, பாட்டுப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். உன் பாட்டி ஒருத்திதான் அதை நம்பவில்லை. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் தானே பெட்டியைப் போட்டு, பிடித்த நிலையத்தை வைக்கத் தெரியாமல் ஏதோ ஒரு நிலையத்தை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். எனக்கு உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இன்றுவரை நான் யாரிடமும் முழுவதாகச் சொன்னதில்லை. அதனால்தான் உன் மௌனத்தைப் பார்த்து, பெண் வளர்ந்துவிட்டாள், இந்த நாடகமும் பாட்டும் சலித்துவிட்டன என்று மற்றவர்களைப்போல் என்னால் நிம்மதி அடைய முடியவில்லை. சலித்துப் போவது வேறு. சலித்துப் போனால் சொல்லியிருப்பாய். "அதெல்லாம் போர் அடிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருப்பாய்.

2017 டிசம்பரில் ஷைனி என்ற கொரியப் பாடகர் குழுவின் ஜோங்ஹியுன் மறைந்த செய்தி வந்தபோது நீ கதவைச் சாத்திக்கொண்டாய். யாரோ ஒரு அந்நியருக்காகப் பெண் இப்படி அழுகிறாளே என்று வீட்டுக்கு வந்தவர்கள் வியந்தார்கள். அவருடைய குரல் உன்னோடு எத்தனை இரவுகள் இருந்தது என்பதை அறிந்திருந்ததால் எனக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. அன்று நான் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருந்தேன், நீ பேசும் வரை பேசவில்லை. நீதான் கடைசியில், அவ்வளவு பேர் அவரை நேசித்தும் அவருடைய கஷ்டம் யாருக்கும் தெரியவில்லையே என்று சொன்னாய். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இப்போது நான் இருக்கும் இடத்திலிருந்து உன் அறைத் தரையில் வந்து உட்கார முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை என்றால் எந்த நேரமானாலும் அழை. நான் இப்போதெல்லாம் அதிகாலையிலேயே எழுந்துவிடுகிறேன். அம்மாவும் விழித்துத்தான் இருப்பாள். அங்கே நல்ல மருத்துவர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தயங்காதே, செலவைப் பற்றி யோசிக்காதே, யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை, எங்களிடமும்கூட. நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு.

கோபமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பாட்டுகளையும் நாடகங்களையும் எங்களுக்கு அறிமுகப்படுத்தியது நீ. எனக்கு ஏழு பேரின் பெயரையும் முகத்தையும் பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொடுக்க உனக்கு எவ்வளவு பொறுமை தேவைப்பட்டது! வி யார், ஜங்குக் யார் என்று நான் குழம்பும்போதெல்லாம் சிரிப்பாய். அப்படி எங்களையும் உள்ளே இழுத்துவிட்டு, முக்கியமான மாதத்தில் நீ மட்டும் விலகி நின்றால் நாங்கள் யாரிடம் பேசுவது? அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு, ஜங்குக்கின் முடி எப்போது வளரும் என்று என்னிடம் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வேன்?

நீ பலமுறை சொல்லியும் நான் பார்க்காமல் தள்ளிப்போட்ட 'ரிப்ளை 1988' நாடகத்தை இப்போது பார்த்து முடித்தேன். இருபது பகுதிகளையும் திரையின் அடியில் வரும் வசனத்தைப் படித்துப் படித்துப் பார்த்ததில் கண் வலித்தது. ஆனால் பாதியில் விட முடியவில்லை. சியோல் ஒலிம்பிக் நடந்த வருடத்தில், சியோலின் சாங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்துக்குள் ஐந்து குடும்பங்கள். நடு மகள் தோக்-சுன் ஒலிம்பிக் அணிவகுப்பில் மடகாஸ்கரின் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்க அத்தனை நாள் பயிற்சி எடுத்து, கடைசி நேரத்தில் அந்த நாடு வராமல் போய்விட, அவள் அழும்போது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்காவின் பிறந்தநாள் கேக்கிலேயே தன் பிறந்தநாளையும் கொண்டாட வேண்டியிருக்கிறதே என்று அந்தப் பெண் ஒருநாள் வெடித்து அழ, அன்று இரவு அவளுடைய அப்பா தனியாக ஒரு சின்ன கேக்கோடு சந்தில் அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாரே, அந்த இடத்தில் நான் நிறுத்தி, பின்னோக்கித் தள்ளி, மறுபடியும் பார்த்தேன். இதை நீ எதற்காக என்னைப் பார்க்கச் சொன்னாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை; திக்கித் திக்கித்தான் பேசுகிறார். அதுதான் எனக்குப் பிடித்தது. நம் தொடர்களில் அப்பாக்கள் ஒன்று கர்ஜிப்பார்கள், இல்லையென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள்.

உனக்கு என்ன நேர்ந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அலுவலகமா, அந்தப் பையனா, வேறு ஏதாவதா என்று அம்மா இரவெல்லாம் கணக்குப் போடுகிறாள். அவளிடமும் கேட்காதே என்றுதான் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல். சொல்லத் தோன்றாவிட்டால், பாட்டைப் பற்றியாவது பேசு. அதுவும் முடியாவிட்டால் ஒரு இணைப்பை மட்டும் அனுப்பு, முன்பு அனுப்புவாயே, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல், அதுபோல். நான் கேட்டுவிட்டு எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுவேன். நீ சண்டை போடலாம்.

இப்போதைக்கு எனக்கு ஒரு உதவி வேண்டும். அடுத்து எந்த நாடகத்தைத் தொடங்கலாம் என்று தெரியவில்லை. பாடகி ஐ.யூ. நடித்த 'மை மிஸ்டர்' நன்றாக இருக்கும் என்று நீ முன்பு சொன்ன நினைவு. ஆனால் அது கனமான கதை என்றும் சொன்னாய். அம்மாவோடு சேர்ந்து பார்க்கலாமா, அல்லது அவளுக்கு வேறு ஏதாவது இலகுவானதா? ஞாயிற்றுக்கிழமை மாலை அழைக்கிறேன், பதில் அப்போது சொன்னால் போதும். அம்மாவும் பக்கத்தில் இருப்பாள். போனை எடு.

அன்புடன்,
அப்பா