கொடை மேடையில் குளத்தைப் பாடலாகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்கள் வட்டாரத்து அம்மன் கோயில் கொடை விழாவில், ஊர்க்குளம் தூர்ந்து மனையாகிவருவதைக் கதைக்கு நடுவே நான்கு அடிகளில் பாடத் தொடங்கிய வில்லிசைக் குழுவை, ‘இது அரசியல், கதையை மட்டும் சொல்லுங்கள்’ என்று விழாக் குழுவினர் நிறுத்திவிட்டனர். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி மறுபேச்சின்றிக் கதைக்குத் திரும்பினார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் ‘பிளேனா’ என்றொரு பாட்டு முறை உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் போன்ஸே நகரப் பகுதியின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த அதற்குக் கையில் ஏந்தித் தட்டும் ‘பாந்தெரெத்தா’ என்ற தோற்கருவியே துணை; ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். புயல், வேலைநிறுத்தம், ஊர் வம்பு என அவ்வப்போது நடப்பதெல்லாம் பாட்டில் ஏறிவிடுவதால், ‘பாடப்படும் செய்தித்தாள்’ என்றே அதற்குப் பெயர். செய்தித்தாளுக்கே இதை எழுதுவதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. 2019 ஜூலையில், ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோவும் அவருக்கு நெருக்கமானவர்களும் டெலிகிராம் குழுவில் பரிமாறிக்கொண்ட இழிமொழிகள் 889 பக்கங்களாக வெளியாயின. 2017 மரியா புயலில் மாண்டவர்களைக்கூட அவற்றில் கேலி செய்திருந்தது கண்டு கொதித்த மக்கள் தலைநகர் சான் ஹுவான் தெருக்களில் திரண்டனர். அத்தீவின் பாடகர்களான ரெசிதெந்தே, இலே, பேட் பன்னி ஆகிய மூவரும் போராட்டம் நடக்கும்போதே அதற்கென்று ஒரு பாட்டை வெளியிட்டனர். இரண்டு வாரங்களுக்குள் ஆளுநர் பதவி விலகலை அறிவித்தார். பாட்டுதான் அவரை இறக்கியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் கூட்டம் கலையாமல் இருக்கப் பாட்டு வேண்டியிருந்தது.

இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாள்களில், பாடகர் விக்தோர் ஹாரா உள்ளரங்கம் ஒன்றில் அடைக்கப்பட்டு, சித்திரவதைக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

பிராமணரான முத்துப்பட்டன் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்களுக்காகத் தன் குலத்தையே உதறிய கதையை இதே மேடைகளில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாதியைப் பாடினால் பக்தி, குளத்தைப் பாடினால் அரசியலா?

இனி வரும் கொடைகளில் கால் மணி நேரத்தையாவது அண்ணாவிமார் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்குமாறு மாவட்டத்து விழாக் குழுவினரைத் தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். நின்றுபோன அந்த நான்கு அடிகளை நான் முழுதாகக் கேட்டாக வேண்டும். குளத்தில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.

இப்படிக்கு,
வில்லிசை ரசிகர் ஒருவர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.