ராணி தொட்டியைப் பிளந்துவிட்டாள்

அன்புள்ள வள்ளி,

நலமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபப்படாதே. இன்று சொல்லியே ஆக வேண்டும். அப்பாவின் ராணி, அதுதான் அவர் வைத்த ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ பூச்செடி, தொட்டியைப் பிளந்துவிட்டாள்!

காலையில் பால்கனிக்குப் போனால் மண்தொட்டியில் மேலிருந்து அடிவரை விரிசல். உள்ளே சுண்டுவிரல் பருமனில் வேர்கள், கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தது போல. மண்ணே கண்ணில் படவில்லை. வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும் என்று நீ சொன்னதை நம்பி நான்கு வருஷம் தொடாமல் விட்டேன். ஊற்றுகிற தண்ணீர் உடனே அடியில் ஓடியதும் இலை ஓரம் காய்ந்ததும் இதனால்தான். வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். இலை வாழையிலை மாதிரி கிழிவது மட்டும் இயல்பு, அதற்கு நீ பதறாதே.

பாபு பெரிய டிரம்மில் வைக்கச் சொன்னான். மாட்டேன் என்றுவிட்டேன். வேர் எட்டாத மண் சீக்கிரம் காயாது, அழுகல் அங்கேதான் தொடங்கும். பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டி. செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள், இரண்டு கை ஆற்று மணல். கிழங்கைப் பழைய ஆழத்திலேயே வைத்தேன், ஆழப் புதைத்தால் பூ தள்ளிப்போகும். கொழகொழத்த மூன்று வேர்களை வெட்டினேன். நல்ல வேர் ஒன்றும் கையோடு முறிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், வள்ளி.

கோத்தகிரி வீட்டை வாங்கியவர்கள் தாய்ச்செடியைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா வைத்ததில் மிச்சம் இது ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1773-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன செடி, இங்கிலாந்து ராணி சார்லட்டின் பிறந்த வீட்டுப் பெயரால் ஸ்ட்ரெலிட்ஸியா ஆனது என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! மறுபடியும் ராணி கதையா என்று நாம் ஓடுவோம். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை.

கன்று கேட்டாயே, இப்போது பிரிக்க மனசு வரவில்லை. பிரித்தால் இரண்டுமே பூக்க வருஷக்கணக்கில் ஆகும். தொட்டி மாற்றியதற்கே இந்த வருஷம் பூ சந்தேகம்தான். முதலில் வேர் பிடிக்கட்டும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். உரம் ஒரு மாதம் கிடையாது. அதுவரை நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இருக்கட்டும்.

நடுவில் சுருண்ட குருத்து ஒன்று நிற்கிறது. அது விரிந்த அன்றைக்குப் போன் செய்கிறேன், நடுராத்திரி ஆனாலும் எடு. மே மாதம் வருகிறாய்தானே? முறுக்குக் கடனை மறக்காதே.

உன்,
சுமதி