பார்சலோடு ஒரு காகிதம்

மதுரை
8.9.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பருப்புப் பொடி, நார்த்தங்காய், பேறுகால லேகியம் மூன்றும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. லேகியத்தை இப்போது தொடாதே, பிரசவத்துக்கு அப்புறம்தான். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை.

உனக்கு 28 வாரம் முடிந்துவிட்டது. நீ சொல்லவில்லை, நானே காலண்டரில் எண்ணிக்கொண்டேன். 28 வாரத்திலிருந்து ஆர்.எஸ்.வி. என்கிற, கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸுக்கு ஊசி போடுகிறார்கள், போன வருஷம் செப்டம்பரில்தான் இங்கிலாந்தில் ஆரம்பித்தார்கள் என்று நீதான் ஆடி மாதம் சொன்னாய். "யோசிக்கிறேன்மா" என்றாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் சத்தம் போட்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷம்தான் பேச்சு. சாப்பிட்டீர்களா, அப்பா மாத்திரை போட்டாரா, வைக்கட்டுமா. லெஸ்டரில் தனியாளாகப் போய் இறங்கி, வேலை தேடி, வீடு பிடித்தவள் நீ. உனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனாலும் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீ அனுப்பிய கட்டுரையை மூன்று தடவை படித்தேன். அதில் பொய் இல்லை. 1966-ல் அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கு ஒரு ஆர்.எஸ்.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். வாஷிங்டனில் ஊசி போட்டுக்கொண்டு பிறகு தொற்று வந்த குழந்தைகளில் 80 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். படித்து நீ பயந்ததில் தப்பே இல்லை, நானும் பயந்தேன். ஆனால் அது ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் கொன்ற வைரஸ். இந்த வைரஸின் மேல் எஃப் புரதம் என்று ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் அது நம் செல்லோடு இணைந்து உள்ளே போகிறது. உள்ளே போவதற்கு முன் அதற்கு ஒரு வடிவம், போன பிறகு வேறு வடிவம். மடக்கிய குடையும் விரித்த குடையும் மாதிரி. பழைய ஊசி குழந்தையின் உடம்புக்கு விரித்த குடையைத்தான் காட்டியது. அதைப் பார்த்து உண்டான எதிர்ப்பொருள் வைரஸைத் தடுக்கவில்லை, வீக்கத்தைத்தான் கூட்டியது. மடக்கிய குடையை அசையாமல் பிடித்து வைக்கும் வழியை ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் என்ற இருவரும் அவர்களோடு இருந்தவர்களும் 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள். இப்போதைய ஊசி அதை வைத்துச் செய்தது. அதைக் குழந்தைக்கும் போடுவதில்லை, உனக்குப் போடுகிறார்கள். உன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. முதல் ஆறு மாதத்தில் கடுமையான நோய் வருவதை 70 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. குறைமாதப் பிரசவம் பற்றியும் கேட்டிருந்தாய். சோதனையில் ஊசி போட்டவர்களிடம் அது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான், ஆனால் ஊசியால்தான் என்று சொல்லுமளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. உன் மிட்வைஃபிடம் இதை வெளிப்படையாகவே கேள். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட்டிருந்தால்தான் பிள்ளைக்குப் போதுமான அளவு போய்ச் சேரும். அதனால் தள்ளிப்போடாதே.

நவம்பர் கடைசியில் பிரசவம். உங்கள் ஊரில் இந்த வைரஸ் உச்சத்துக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சளிதானே என்று யாராவது சொல்வார்கள், நம்பாதே. திடமாக இருக்கிற உன் வயதுக்காரர்களுக்கு இது சளிதான், சில நாள் மூக்கு ஒழுகிப் போய்விடும். இரண்டு வயதுக்குள் இது வராத குழந்தையே கிடையாது என்று சொல்லலாம், முக்கால்வாசிக்கு அதுவும் சளியோடு போய்விடும். சின்னக் கைக்குழந்தைக்குத்தான் கஷ்டம். மூக்கில் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் நுரையீரலின் கடைசிக் கிளைக் குழாய்கள் வரை இறங்கிவிடும். அந்தக் குழாயின் உட்சுவரில் இருக்கிற செல்கள் செத்து உதிரும். உதிர்ந்ததும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சுவரும் வீங்கும். குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்குத் தடை 16 மடங்கு ஆகும் என்று எங்கள் டாக்டர் போர்டில் எழுதிக் காட்டியிருக்கிறார். உள்ளே போன காற்று வெளியே வராது. வார்டில் ராத்திரி ரவுண்டு போகும்போது முதலில் சட்டையைத் தூக்கித்தான் பார்ப்போம். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும், மூக்குத் துவாரம் விரியும், தலை ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடும். பால் குடிக்க வாய் வைக்கும், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்க விட்டுவிடும். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் இந்த அடையாளம் எதுவும் இல்லாமலே சட்டென்று மூச்சு நின்றுபோவதும் உண்டு. ஆன்டிபயாட்டிக் இதற்குக் கேட்காது. மூக்கை உறிஞ்சி எடுப்போம், ஆக்சிஜன் வைப்போம், டியூபில் பால் கொடுப்போம். மற்றதை அந்த உடம்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையைக் கழுவு. பார்க்க வருகிற எல்லோரையும் கழுவச் சொல். தொட்டில் கம்பியில், மேஜையில் அது பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மேலே கொழுப்பு உறை உள்ள வைரஸ்தான், சோப்புக்குத் தாங்காது. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் வந்து வாங்கிக் கொஞ்சுவார்கள். மூக்கு ஒழுகுகிறவர் மாமியாராகவே இருந்தாலும் கொடுக்காதே. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கையைக் கழுவு.

பாப்பா, இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்று நினைக்கிறாய்? 31 வருஷ நர்ஸ் சர்வீஸில் படித்ததுதான், ஆனால் முதல் பாடம் வார்டில் படித்ததில்லை.

உன் அண்ணன் விஷயம் உனக்குத் தெரியும். எந்த அளவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. 1989 ஐப்பசி. பிரசவ லீவு முடிந்து டியூட்டியில் சேர்ந்தேன். அடைமழை, வார்டு முழுக்க இளைப்புக் குழந்தைகள், ஒரே கட்டிலில் இரண்டு பேர். முதல் வாரத்திலேயே எனக்கு மூக்கு ஒழுகியது. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது பால் கட்டி மார்பு வலிக்கும். அவன் அழுதுகொண்டிருப்பான். யூனிஃபாரம் மாற்றாமல், கை கழுவாமல், அப்படியே மடியில் தூக்கிப் போட்டுப் பால் கொடுத்தேன். உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டே தூங்கியும் போயிருக்கிறேன். மறுவாரம் அவனுக்குச் சளி. அதற்கு முந்தின நாள்தான் அப்பத்தா அவனுக்குத் தலைக்கு ஊற்றியிருந்தார்கள். நாலாம் நாள் ராத்திரி, என் வார்டுக்கே, என் கையாலேயே தூக்கிக்கொண்டு ஓடினேன். விடியும்போது முடிந்துவிட்டது.

அது ஆர்.எஸ்.வி.தான் என்று காட்ட அன்றைக்கு அங்கே டெஸ்ட் கிடையாது. ஆனால் நான் பார்த்த நெஞ்சு அது. எனக்குச் சந்தேகமே இல்லை.

மழை நாளில் தலைக்கு ஊற்றி நீர் கோத்துவிட்டது, கிழவி பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று ஊரே பேசியது. உன் அப்பாவே பேசினார். தண்ணீரால் இது வராது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் துக்கத்தில் பேசவில்லை. அப்புறம் பயத்தில் பேசவில்லை. அப்புறம் வருஷம் போய்விட்டது.

நீ சின்ன வயதில் கேட்பாயே, அப்பத்தா ஏன் உன்னை மட்டும் குளிப்பாட்ட மாட்டார்கள் என்று. 1992-ல் நீ பிறந்தபோது வெந்நீர் காய்ச்சி, பயத்தமாவு கரைத்து, எண்ணெய்க் கிண்ணம், துண்டு எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, கிணற்றடியில் தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள். "நீயே ஊத்திக்கத்தா" என்பார்கள். நான் ஊற்றி முடிக்கும் வரை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 2011-ல் சாகிற வரைக்கும் அவர்களிடம் நான் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் போன செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். எழுந்து போய் வாசலில் உட்கார்ந்தார். இன்னும் சரியாகப் பேசவில்லை.

அன்றைக்கு உன்னிடம் நான் போட்ட சத்தம் உன் மேல் போட்டதில்லை.

எனக்கு நவம்பர் 15-க்கு டிக்கெட் போட்டிருக்கிறது. வந்து இறங்கும்போது இருமல் ஒன்று இருந்தாலும் அது போகும் வரை கீழ் அறையில் படுத்துக்கொள்கிறேன். கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன், நீ கூப்பிட்ட அப்புறம் உள்ளே வருகிறேன். குளிப்பாட்டுவதும் நீ சொன்னால்தான்.

ஊசி போட்டாகிவிட்டது என்றால் ஒரு வரி எழுது. இன்னும் போடவில்லை என்றாலும் எழுது, நான் சத்தம் போட மாட்டேன். மிட்வைஃப் என்ன சொன்னார்கள், எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா