எடை திரும்பியது, வலு திரும்பவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைப்பதற்கான உணவுக் குறிப்புகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகின்றன. அவை பலருக்குப் பயன்படுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றை நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் மட்டும் படிப்பதில்லை. கடும் நோயிலிருந்து பிழைத்து வந்து, படுக்கைக்கும் நாற்காலிக்கும் இடையே நாளைக் கழித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கிறார்கள், படித்ததைக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். சென்ற ஆண்டு நானும் அப்படிச் செய்து, தேறி வந்துகொண்டிருந்த உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

நுரையீரல் அழற்சி முற்றி 19 நாள் மருத்துவமனையில் கிடந்தேன். அதில் 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். சேரும்போது 74 கிலோவாக இருந்த எடை வீடு திரும்பும்போது 65 ஆகியிருந்தது. விரலில் இறுகிக் கிடந்த மோதிரம் கை கழுவும்போது தானாகக் கழன்று விழுந்தது. அதன்பின் ஸ்டீராய்டு மாத்திரைகள் சில வாரங்கள் தொடர்ந்தன. பசி அடங்கவே இல்லை. மூன்று மாதத்தில் எடை 77 ஆயிற்று, கன்னம் உப்பியது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ‘நன்றாகத் தேறிவிட்டீர்கள்’ என்றார்கள். எனக்கோ பழைய எடையையும் தாண்டிவிட்டோமே என்ற கவலை. எடைக் குறைப்புக் குறிப்பு ஒன்றைப் பார்த்து இரவு உணவை நிறுத்தினேன். பகலிலும் காய்கறி, பழம் என்று சுருக்கிக்கொண்டேன். ஆறு வாரத்தில் 4 கிலோ குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆறு வாரத்தில், முன்பு மெதுவாகவேனும் ஏறிக்கொண்டிருந்த மாடிப்படியை ஏற முடியாமல் போயிற்று.

மறுபரிசோதனைக்குச் சென்றபோது இயன்முறை மருத்துவர் என் எடையைக் கேட்கவே இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். முதல் முறை எழுந்துவிட்டேன். இரண்டாம் முறை பாதி எழும்போதே தொடை நடுங்கி, அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலே தசையின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும் என 2019-இல் ஆசிய மருத்துவ வல்லுநர் குழு ஒன்று வகுத்த அளவுகோலை அவர் எடுத்துச் சொன்னார். என்னாலோ இரண்டாம் முறையே முழுதாக எழ முடியவில்லை.

இழந்ததும் திரும்பி வந்ததும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். கடும் நோயின்போது உடல் தன் தேவைக்குத் தசையை உடைத்து எடுத்துக்கொள்கிறது. அசையாமல் படுத்திருப்பதும் சேர்ந்துகொள்ள, தேய்மானம் இன்னும் விரைவாகிறது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளை அளந்து 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக ஏறத்தாழ 18 சதவீதம் சுருங்கியிருந்தது தெரியவந்தது. அப்படிப் போன தசை, பசி வந்து சாப்பிட்டதும் தானாகத் திரும்பிவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்து, பிறகு அவர்கள் மீள்வதைக் கவனித்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்திருந்த அவர்களிடம் முதலில் விரைந்து திரும்பியது கொழுப்புதான். தசை பின்தங்கியே வந்தது. என் விஷயத்தில் ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டது. அது பசியைத் தூண்டும், உடலில் நீரைத் தேக்கும், தசையையும் கரைக்கும். ஆகவே தராசு காட்டிய 77 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பும் நீரும் எவ்வளவு என்பதை அந்த எண்ணைக் கொண்டு அறிய வழியில்லை. உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ அளவும் இதைச் சொல்லாது. மிச்சமிருந்த தசையையும் நானே பட்டினி போட்டுக் குறைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

உணவியல் நிபுணர் முதலில் திருத்தியது புரதத்தின் அளவை. நலமாக இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் போதும் என்பார்கள். நோயிலிருந்து மீள்பவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 84 முதல் 105 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்று கணக்குப் பார்த்தால், காய்கறியும் பழமுமாகச் சாப்பிட்ட நான் எந்தப் பள்ளத்தில் இருந்தேன் என்பது விளங்கும். பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும், தட்டில் இருப்பதில் அதையே முதலில் சாப்பிட வேண்டும் என்றார் அவர். நான்கு வாயிலேயே வயிறு நிரம்பிவிடுகிற நாட்களில் இந்த வரிசை மிகவும் முக்கியம். உணவுக்கு முன் தெளிந்த சூப்பும் பழச்சாறுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டால் வேண்டியதற்கு இடமிருக்காது. மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொண்டதும் எனக்கு உதவியது. ஆனால் உணவு மட்டும் தசையை வளர்த்துவிடாது. அந்த நாற்காலிப் பயிற்சியை மருத்துவர் சொன்ன அளவில் நாள்தோறும் செய்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது.

இந்த எண்களை யாரும் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறேன். சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அவரே டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கூட்ட வேண்டியிருக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது தேறுவதன் அடையாளமல்ல, உடலில் நீர் தேங்குகிறது என்ற எச்சரிக்கை. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவருக்கு அன்பு மிகுதியால் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் முதலியவை சடாரெனச் சரிந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால், மருத்துவக் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே கூட்டுவார்கள்.

என் அக்கா புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டபோது எதைச் சாப்பிட்டாலும் இரும்பு ருசி அடிப்பதாகச் சொல்வார். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி கொடுத்ததும், சூடாக இல்லாமல் ஆறவைத்துக் கொடுத்ததும் ஓரளவு பலித்தன. ஆறிய உணவில் வாசனை குறைவு என்பதால் குமட்டலும் குறைந்தது. ஆனால் நாங்கள் செய்த தவறும் ஒன்று உண்டு. மருந்து ஏற்றிய நாட்களில் அவருக்கு மிகவும் பிடித்ததையே செய்து கொடுத்தோம். குமட்டலோடு சேர்த்து மனம் அதைப் பதித்துக்கொண்டது; சிகிச்சை முடிந்து நெடுநாளாகியும் அவரால் அதைத் தொட முடியவில்லை. அவர் பருமனான உடல்வாகு கொண்டவர் என்பதால், எடை குறைந்தபோது ‘நல்லதுதான்’ என்று சிலர் சொன்னது இப்போதும் என் மனதை உறுத்துகிறது. முயலாமலே ஆறு மாதத்தில் 5 சதவீத எடை குறைந்தாலும் அது கவனிக்க வேண்டிய இழப்பு. பருமனாக இருப்பவருக்கும் இது பொருந்தும்.

மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துகளுக்கு இரண்டு பக்கம் இருந்தது. உணவுக்கு ‘வழக்கமான உணவு உட்கொள்ளலாம்’ என்ற ஒரே வரி. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் 2,088 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்ப உணவைத் திட்டமிட்டுக் கொடுத்தபோது 30 நாளுக்குள் இறந்தோர் விகிதம் 10 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. மருந்துக்கு நிகரான கவனம் உணவுக்கும் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது என நினைக்கிறேன். வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளிக்கும், எதை எவ்வளவு சாப்பிடுவது, எவ்வளவு எடை மாறினால் யாரிடம் சொல்வது என்று எழுதிய ஒரு பக்கத்தையாவது மருத்துவமனைகள் தர வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது அதைவிட எளியது. இனி எடைக் குறைப்புக் குறிப்புகளை வெளியிடும்போது, அவற்றின் கீழே, கண்ணில் படும் எழுத்தில், ‘அண்மையில் கடும் நோய்க்கோ அறுவை சிகிச்சைக்கோ உட்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்’ என்ற ஒரு வரியைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்