மகனுக்கு இல்லாத பிரஷருக்கு ஒரு மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராணுவத்திலிருந்து வீடு திரும்பும் ஹிஸ்பானிக் (மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) இளைஞர்களின் உடல்நலம், மனநலம் பற்றிப் போன ஞாயிறு வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவத் தகவல்களை ஸ்பானிஷில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும் என்கிற தொனி அதில் இருந்தது. நான் டெக்சஸில், சான் அன்டோனியோவில் 16 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இங்கே மூன்றில் இரண்டு பேர் ஹிஸ்பானிக் மக்கள். ராணுவத் தளங்களால் வளர்ந்த ஊர். நான் பார்த்தது வேறு.

முதலில் ஒரு திருத்தம். இந்தப் பையன்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானிஷ் தேவையில்லை. இங்கேயே பிறந்து, இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் உத்தரவு கேட்டுச் சண்டைக்குப் போனவர்கள். சிலருக்கு ஸ்பானிஷ் ஒழுங்காக வாசிக்கவே வராது. ஸ்பானிஷ் தேவைப்படுவது வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் எழுந்து வாசல் கதவைத் தள்ளிப் பார்ப்பதை முதலில் கவனிக்கிறவர்கள் அவர்கள்தானே.

சில வருடங்களுக்கு முன் ஒரு சர்ச் கூடத்தில் ஃப்ளூ ஊசி முகாம். ஸ்பானிஷ் பூசை முடிந்து, ஒரு பக்கம் மெனூதோ சூப்பு, பான் துல்சே ரொட்டி என்று கூட்டம். ஒரு அம்மா வந்து ஊசி போட்டுக்கொண்டு எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். மகன் ஆப்கானிஸ்தான் போய் வந்தவன். டப்பாவில் இருந்தது பிரஸோசின். கூட வந்த இங்கிலீஷ் தாளைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்து, "இது ரத்த அழுத்தத்துக்கு" என்று சொல்லியிருக்கிறாள். "அவனுக்குப் பிரஷரே கிடையாதே, சின்னப் பையனாச்சே" என்று பயந்து, மூன்று வாரமாக மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறார். அவனும் எங்கே என்று கேட்கவில்லையாம்.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதில் தப்பில்லை. அது பிரஷர் மாத்திரைதான். போரிலிருந்து வந்தவர்களின் கெட்ட கனவுக்கும் டாக்டர்கள் அதை எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை விளக்கியபோது அந்த அம்மாவும் கூடத்தான் இருந்தார். மொழிபெயர்த்தவன் மகன்! தன் வியாதியைத் தன் அம்மாவுக்குத் தானே மொழிபெயர்க்கிற நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு அவன் கொடுத்த மொழிபெயர்ப்பு "எஸ்தோய் பியென், மமா." நல்லாத்தான் இருக்கேன் அம்மா, அவ்வளவுதான். (இடையில் விட்ட பிரஸோசினைப் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பித்தால் தலைசுற்றி விழ நேரலாம். அதனால் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.)

சரி, ஸ்பானிஷ் துண்டுச்சீட்டு இல்லையா என்றால், இருந்தது. அங்கேதான் இரண்டாவது சிக்கல். போர் மாதிரி அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோயான பி.டி.எஸ்.டி.க்கு ஸ்பானிஷில் முறையான பெயர் 'த்ராஸ்தோர்னோ' என்று தொடங்குகிறது. அகராதிப்படி 'கோளாறு', சரியான சொல்தான். ஆனால் 'த்ராஸ்தோர்னாதோ' என்றால் பேச்சு வழக்கில் புத்தி பேதலித்தவன். அந்த அம்மா முதல் வரியைப் படித்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிட்டார். அவரிடம் இதற்கு வேறு வார்த்தை இருக்கிறது: சுஸ்தோ. பயந்துபோய் உயிர் உடம்பை விட்டு விலகி நிற்கிறது என்று பொருள். படபடப்பும் தூக்கமின்மையும் என்றால் 'நெர்வியோஸ்'. இந்த வார்த்தைகளை அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடே 1994 பதிப்பில் பட்டியலிட்டது. சீட்டு அச்சடிக்கிறவர்களுக்குத்தான் அது எட்டவில்லை. எல்லா ஹிஸ்பானிக் வீட்டிலும் ஒரே சொல் கிடையாது என்பதும் உண்மை. போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களில் 'அதாக்கே தே நெர்வியோஸ்' என்பார்கள். நடுக்கம், அலறல், சில சமயம் மயக்கம்.

சுஸ்தோ என்றதும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் அப்பா 1988-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய் வந்தவர். திருநெல்வேலி வீட்டில் மழை ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்தே விடியவைப்பார். "பயந்துட்டு வந்திருக்காவ" என்று அம்மா பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இங்கே குராந்தேரா என்கிற நாட்டு வைத்தியக்காரி கோழிமுட்டையால் உடம்பு முழுக்கத் தடவி, அதைத் தண்ணீர் டம்ளரில் உடைத்துப் பார்ப்பாள். நாம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிற மாதிரி.

அந்த முட்டையால் கெடுதல் ஒன்றுமில்லை. கெடுதல் எங்கே என்றால், மூலிகைக் கடையில் விற்கும் 'இயெர்பா தே சான் ஹுவான்', இங்கிலீஷில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனசு தெளியும் என்று டீ போட்டுக் கொடுப்பார்கள். பி.டி.எஸ்.டி.க்கு வழக்கமாக எழுதும் செர்ட்ரலின் மாத்திரையோடு அது சேர்ந்தால் ஆபத்து. நடுக்கம், ஜுரம், உயிருக்கே மோசம். சாமந்தி மாதிரிப் பூ போட்ட மன்சனீயா டீயைப் பற்றி யாரும் மிரட்ட வேண்டாம். இயெர்பா டீயைப் பற்றி மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். சீட்டில் ஒரு வரி இல்லை.

வியட்நாம் போருக்குப் போன ஆண்களிடம் 1980-களில் எடுத்த தேசிய ஆய்வில், ஹிஸ்பானிக் வீரர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது, வெள்ளையரில் சுமார் 14. இவ்வளவு காலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அதற்கும் முன்னால், 1948-ல், பக்கத்து கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஹெக்டர் கார்சியா என்ற டாக்டர், தானும் இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர், மெக்சிகோ வம்சாவளி வீரர்களுக்காக அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம் தொடங்கினார். அடுத்த வருடமே, அந்தப் போரில் பிலிப்பைன்ஸில் செத்த வீரர் ஃபெலிக்ஸ் லோங்கோரியாவின் உடலை வைக்க, மெக்சிகோ வம்சாவளி என்பதால் சொந்த ஊரில் சவ அடக்க நிலையத்துக் கூடம் கிடைக்காமல், கடைசியில் ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இங்கே வயதானவர்கள் இதை இன்னும் சொல்வார்கள். அரசாங்கக் காகிதம் வந்தால் அவர்கள் உடனே நம்பாததில் எனக்கு ஆச்சரியமில்லை. அதே செய்தியை அவர்கள் தெருவிலேயே குடியிருந்து சுகாதாரத் தகவல் சொல்லும் பெண், 'ப்ரொமோத்தோரா' என்பார்கள், சமையலறையில் உட்கார்ந்து சொன்னால் கேட்கிறார்கள். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் வீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும், வீட்டாரும் பேசலாம் என்பதுகூட அப்படித்தான் பரவுகிறது.

முகாமுக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பக்கச் சீட்டு தயார் செய்தோம். 'சுஸ்தோ' என்றே தொடங்கினோம். பிரஸோசின் பற்றி, அந்த டீ பற்றி எழுதினோம். 'முட்டை வைத்தியம் பார்ப்பதானால் பாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்' என்று கடைசி வரி. சரிபார்க்கக் கொடுத்த இடத்தில், மருத்துவச் சீட்டில் முட்டையா என்று அந்த வரியை அடித்துவிட்டார்கள். அச்சில் அது இல்லை. சீட்டைக் கையில் கொடுக்கும்போது வாயால் சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சான் அன்டோனியோ, டெக்சஸ்